கெஞ்சு நம்பர், வெட்டு நம்பர்

உமாசங்கர்: ...எறங்க மாட்டேன்னா சொன்னேன்? இந்த பஸ்ஸு போவட்டும்னு பாக்கறேன்.

தேவநாதன்: இது மூணாவது பஸ்ஸு மாமா.

உமாசங்கர்: கதவத் தொறந்தா இடிச்சிடுவான் மச்சான்.

தேவநாதன்: பஸ்ஸு என் பக்கம் போவுது. உங்க கதவு சுவத்துப் பக்கம் இருக்குது.

உமாசங்கர்: நீ மட்டும் என்ன, எறங்கிட்டியா? வேன் நின்னு எவ்ளோ நேரமாச்சு. இன்னும் ஸ்டீரிங்கப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க.

தேவநாதன்: சரியா ஓரங்கட்டலாம்னு...

உமாசங்கர்: இதுக்கு மேல ஓரங்கட்டணும்னா கெடிலம் ஆத்துலதான் எறக்கணும். மண்டபத்துல நாயனம் நின்னுடுச்சு போல.

தேவநாதன்: ஆமா. மொட்ட அடிச்சி முடிச்சிட்டாங்க. இனிமே காதுகுத்துதான்.

உமாசங்கர்: அப்ப உன்னத்தான் தேடுவாங்க. தாய்மாமன் மடி உன்னோடதாச்சே.

தேவநாதன்: நான் என்னா கூடப் பொறந்தவனா? இளவரசு பொண்டாட்டி விருத்தாவுக்கு அண்ணன் தம்பி கெடையாது. இளவரசு நம்ம பைக் ஒர்க்ஷாப்புல வேல பாத்தப்ப, "எம் பொண்ணுக்கு நீங்கதாண்ணா மடி"ன்னான். நானும் சரின்னேன். அது அப்ப.

உமாசங்கர்: பத்திரிக வெக்கறப்ப மாத்திச் சொல்லலியே அவன்?

தேவநாதன்: இல்ல. பொண்டாட்டி புள்ளையோட வந்தான். தட்டுல பழம் வெச்சிக் குடுத்தான். நான் வேலைய வுட்டு நிறுத்துனதப் பத்தி ஒரு வார்த்த பேசல. உங்களுக்கும் வெச்சான்ல?

உமாசங்கர்: சிதம்பரம் வரைக்கும் வந்தான். நேரா கீழ வீதி கடைக்கே வந்துட்டான். நான் ஒரு அம்மாவுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தேன். எழுத்தப் படிங்கம்மான்னுட்டுத் திரும்பினா, வாசல்ல நிக்கறான்.

தேவநாதன்: என்னா சொன்னீங்க?

உமாசங்கர்: என்ன சொல்றது... உக்காருப்பான்னேன். தண்ணி குடுத்தேன். அந்தம்மா கடைசி வரி வரைக்கும் படிச்சி முடிச்சிட்டாங்க. ஒரு எழுத்து என் காதுல விழல.

தேவநாதன்: கண்ணாடிக் கடக்காரரு ஒருத்தன் கண்ணப் பாக்க முடியாம உக்காந்திருந்தீங்கன்னு சொல்லுங்க.

உமாசங்கர்: கிண்டல் பண்ணு. நீ பாத்தியா அவன் கண்ண?

தேவநாதன்: ...அக்கா வருது.

சத்யப்பிரியா: என்னாடா, ரெண்டு பேரும் வேனுக்குக் காவலா? இத எவன் தூக்கிக்கினு போவப் போறான்?

தேவநாதன்: வரோம்க்கா. மாமாவுக்கு லேசா தல சுத்துதாம்.

உமாசங்கர்: எனக்கா?

சத்யப்பிரியா: எம் புருஷனுக்குத் தல சுத்துனா நீ ஏண்டா வேத்து ஊத்திக்கினு இருக்க? அங்க ஆசாரி கம்பியக் கையில வெச்சிக்கினு வெத்தல மேல வெத்தலயாப் போட்டுக்கினு இருக்காரு. யாழினிக் குட்டி மொட்டத் தலையில சந்தனத்தத் தடவிக்கினு, "எம் மாமா எங்க, எம் மாமா எங்க"ன்னு வர்றவங்க போறவங்களயெல்லாம் கேக்குது.

தேவநாதன்: வேற யாராச்சும் மடியில வெச்சிக் குத்தச் சொல்லேன்க்கா.

சத்யப்பிரியா: யார வெக்கறது? நீ வாங்கியாந்த தோடு என் பையில இருக்குது. சீரு மட்டும் ஒனக்கு, மடி இன்னொருத்தனுக்கா?

தேவநாதன்: நான் அந்தப் புள்ளையோட அப்பன வேலைய வுட்டு அனுப்புனவன்.

சத்யப்பிரியா: அது பத்திரிக வாங்கும்போது தெரியலியா? அங்க உள்ள என்னா நடக்குதுன்னு தெரியுமா ஒனக்கு? விருத்தாவோட அப்பா பந்தியில உக்காந்துக்கினு பேசறாரு. "எங்க மாப்ளைக்கு வேல சுத்தமில்லீங்க, ஒரு புல்லட்டக் கெடுத்துட்டாரு, மொதலாளி வெரட்டிட்டாரு, இப்ப நெல்லிக்குப்பத்துல கரும்பு ட்ராக்டர் ஓட்றாரு"ன்னு. அத்தன சொந்தத்துக்கு முன்னாடி.

உமாசங்கர்: இளவரசு இருந்தானா அங்க?

சத்யப்பிரியா: அவன்தான் சாம்பார் வாளியோட நிக்கறான். மாமனாரு எலையில ஊத்திட்டு, "இன்னும் கொஞ்சம் சாதம் போட சொல்லட்டுமா மாமா"ன்னு கேட்டுட்டு அடுத்த எலைக்குப் போறான். எனக்கு சோறு எறங்கல. எழுந்து வந்துட்டேன். நான் தெரியாமத்தான் கேக்கறேன் தேவா. புல்லட்டுல அவன் ரெவ் லிமிட்ட மாத்திட்டான், மாத்திட்டான்ங்கறீங்களே, அது என்னா அவ்ளோ பெரிய கொலக் குத்தமா?

தேவநாதன்: இன்ஜின் இவ்ளோ வேகம்தான் சுத்தலாம்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லி வெக்கறதுக்கா. பெட்ரோல் வுடற பழைய கார்பரேட்டர எடுத்துட்டு இன்ஜெக்ஷன் மாட்டுனா, எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி சொல்றதுதான். அந்த அளவத் தாண்டி முறுக்குனா பெட்ரோல நிறுத்திடும்.

சத்யப்பிரியா: அதான், கெஞ்சு நம்பரு, வெட்டு நம்பருன்னு இளவரசு பேரு வெச்சிருப்பானே. மொத நம்பருல வண்டி "போதும்ப்பா"ன்னு கெஞ்சும், அடுத்த நம்பருல வெட்டிடும்னு. வூட்டுக்கு வந்தப்ப நம்ம பெரியவன் செல்லு நோண்டறதப் பாத்துட்டுக் கூடச் சொன்னானே, "புள்ளைங்ககிட்டயும் கெஞ்சிட்டுத்தான்க்கா வெட்டணும்"னு.

தேவநாதன்: ம்.

சத்யப்பிரியா: அவன மட்டும் ஏண்டா கெஞ்சாம வெட்டுன?

தேவநாதன்: அக்கா, நீ போ. நாங்க வரோம்.

சத்யப்பிரியா: ஏங்க, நீங்களாச்சும் அன்னிக்கு "வுடு மச்சான், எம் புல்லட்டுதானே"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? பக்கத்துலதானே நின்னீங்க?

உமாசங்கர்: நின்னேன்.

சத்யப்பிரியா: ராகுகாலம் வந்துடப் போவுது. சீக்கிரம் வாங்க.

உமாசங்கர்: ...போயிட்டா.

தேவநாதன்: ம்.

உமாசங்கர்: மச்சான், அன்னிக்கு நீ அவன அப்படித் திட்டியிருக்க வேணாம்.

தேவநாதன்: வாங்க மாமா, உள்ள போவலாம்.

உமாசங்கர்: இப்ப மட்டும் என்ன அவசரம்? அக்கா கூப்புட்டப்ப ஸ்டீரிங்கோட ஒட்டிக்கிட்டிருந்த.

தேவநாதன்: ராகுகாலம்னு சொல்லுதுல்ல அக்கா.

உமாசங்கர்: கொஞ்சம் உக்காரு. ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட.

தேவநாதன்: சாப்ட்டுட்டுச் சொல்லுங்க.

உமாசங்கர்: சாப்பாடு எறங்காது. சொல்லிட்டாதான் எறங்கும்.

தேவநாதன்: மாமா, சில விஷயத்த சொல்லாம இருந்தாதான் நல்லது. ஆறிப் போச்சு எல்லாம். கடையும் நல்லாப் போயிக்கினு இருக்குது. அன்னிக்கு உங்க பைக் குரூப்பு கார்த்திகேசன் எடுத்த வீடியோவப் பாத்துட்டு, "தப்பு பண்ண ஆள அங்கயே வெளிய அனுப்பிட்டாரு, நம்பி வண்டி குடுக்கலாம்"னு பாண்டிச்சேரியிலருந்தெல்லாம் வர்றான்.

உமாசங்கர்: அதே வீடியோவப் பாத்துட்டுத்தான் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு ஒர்க்ஷாப்புலயும் அவனுக்கு வேல குடுக்கல. உனக்கு நம்ம குரூப்பு தெரியும்ல? ஞாயித்துக்கெழம கெளம்புவோமே. சிதம்பரத்துலருந்து பாண்டி, இல்லன்னா பிச்சாவரம்.

தேவநாதன்: தெரியும். தொப்பையும் ஜாக்கெட்டுமா.

உமாசங்கர்: அதுல எனக்கு என்ன பேரு தெரியுமா? "பழைய புல்லட்டு உமா." அது கார்பரேட்டர்ல ஓடுனப்ப அறுபதத் தாண்டாது. எல்லாரும் முன்னாடி போயிடுவாங்க. நான் மெதுவாப் போயிச் சேருவேன். "என்ன சார், இவ்ளோ லேட்டு"ம்பாங்க. "வண்டி பழசு, என்ன பண்றது"ம்பேன். நிம்மதியா இருந்தேன் மச்சான். அப்புறம் நீதான், "மாமா, உங்க வண்டிக்கு இன்ஜெக்ஷன் போட்டுத் தரேன், கல்யாணத்துக்கு உங்களுக்கு ஒண்ணும் செய்யல, இதாச்சும் செய்யறேன்"ன்ன. ஆசையாச் செஞ்ச. நான் வேணாம்னு எப்படிச் சொல்றது?

தேவநாதன்: நல்லாத்தானே போச்சு?

உமாசங்கர்: அதுதான் வம்பே. மொத ஞாயித்துக்கெழம, வெள்ளாத்துப் பாலம். பின்னாடி கார்த்திகேசன் ஆரன் அடிக்கறான், முறுக்கு சார் முறுக்குங்கறான். முறுக்குனேன். எண்பத்தஞ்சு. கீழ தண்ணி, பக்கத்துல லாரி... கையி உதற ஆரம்பிச்சிடுச்சு. பாலம் முடிஞ்சதும் ஓரங்கட்டி, ஒண்ணுக்குப் போறவன் மாதிரி ஒரு கருவ மரத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். ஒண்ணுக்கும் வரல. கையி நிக்கற வரைக்கும் நின்னேன்.

தேவநாதன்: மெதுவாப் போவ வேண்டியதுதானே மாமா. யாரு கேக்கப் போறா?

உமாசங்கர்: புது இன்ஜின் மாதிரி ஆக்கிக் குடுத்திருக்க. இனிமே மெதுவாப் போனா, வண்டியச் சொல்ல மாட்டாங்க. என்னச் சொல்லுவாங்க. பயந்தாங்கொள்ளின்னு.

தேவநாதன்: சரி மாமா. புரிஞ்சிது. போதும். எறங்குங்க.

உமாசங்கர்: புரியல உனக்கு. இன்னும் நான் சொல்லவே இல்ல.

தேவநாதன்: வேணாம் மாமா...

உமாசங்கர்: நீ வண்டிய ஒப்படைக்கறப்ப, மைலேஜ் பாத்துக்கச் சொல்லி என் செல்லுல அந்த வண்டிக் கம்ப்யூட்டரோட சேர்ற ஒரு ஆப் போட்டுக் குடுத்த. பாஸ்வேர்டு கூட, அக்கா பேருதான் மாமா, மறக்க மாட்டீங்கன்ன.

தேவநாதன்: ம்.

உமாசங்கர்: அந்தப் பாலத்துலருந்து வீட்டுக்கு வந்து கதவ சாத்திக்கிட்டு அதத் தொறந்தேன். லிமிட்டுன்னு ஒரு எடத்துல அஞ்சாயிரத்து ஐந்நூறுன்னு போட்டிருந்துச்சு. அத அழிச்சிட்டு மூவாயிரம்னு போட்டேன். மறுவாரம் பழையபடி வண்டி அறுபதத் தாண்டல. வெடுக் வெடுக்குனு ஒதறுச்சு. எனக்கு அவ்ளோ சந்தோஷம். "என்னன்னு தெரியல சார், மச்சான் போட்ட இன்ஜெக்ஷன் சரியில்ல போல"ன்னு சொல்லிட்டேன். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்.

தேவநாதன்: ...

உமாசங்கர்: அது உன் தொழிலயே அடிக்கும்னு நெனைக்கல. கார்த்திகேசன் அத ஊரெல்லாம் சொல்லி, நாலு பேரு புக் பண்ணத வேணாம்னு சொல்லி, கடைசியில எல்லாருமா வண்டியோட உங் கடைக்கே வந்து நிப்பாங்கன்னு நெனைக்கல. நீ லேப்டாப்ப மாட்டுன. மூவாயிரம்னு ஸ்க்ரீன்ல வந்துச்சு. சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன் மச்சான். சத்தியமா தொறந்தேன். அதுக்குள்ள நீ இளவரசு பக்கம் திரும்பிட்ட. எவ்ளோ சீக்கிரம் திரும்புன நீ. அதுக்கப்புறம் சொல்ல எனக்குத் தைரியம் வரல. பாலத்துல கையி உதறுனதாச்சும் பயம்னு ஒரு கணக்குல சேரும். இது... அசிங்கம். தூக்கமில்ல. சத்யா பக்கத்துல படுத்துக்கிட்டு அவ மூஞ்சியப் பாக்க முடியல.

தேவநாதன்: மாமா, அழாதீங்க. ரோடு பாக்குது.

உமாசங்கர்: பாக்கட்டும். வா, எறங்கு. நேரா அந்தப் பந்திக்குப் போவோம். அவன் மாமனார் முன்னாடி நான் சொல்றேன். "வண்டியக் கெடுத்தது நான். உங்க மாப்ள இல்ல. எம் மச்சான் மேலயும் தப்பு இல்ல, அவன் தெரியாம திட்டிட்டான்"னு.

தேவநாதன்: அப்படிச் சொல்லாதீங்க.

உமாசங்கர்: எங் கௌரவம் போயிடும்னு பாக்கறியா? போவட்டும்.

தேவநாதன்: அதுக்கில்ல மாமா...

உமாசங்கர்: பின்ன எதுக்கு?

சத்யப்பிரியா: இன்னுமா எறங்கல? ஆசாரி கம்பியத் துணியில மடிச்சிப் பையில போட்டுக்கினாரு. இளவரசு அவரு கையப் புடிச்சிக் கெஞ்சிக்கினு நிக்கறான், "எங்க அண்ணன் வந்துடுவாரு, அஞ்சு நிமிஷம்"னு... ஏங்க, என்னா ஆச்சு? எதுக்குக் கண்ணு செவந்திருக்குது?

உமாசங்கர்: சத்யா, நீயும் கேட்டுக்க. புல்லட்டுல அந்த நம்பர மாத்துனது இளவரசு இல்ல. நான்தான். எனக்கு வேகமாப் போவ பயம். அத மறைக்கறதுக்காக மாத்துனேன்.

சத்யப்பிரியா: ...நீங்களா?

உமாசங்கர்: செல்லுலருந்து.

சத்யப்பிரியா: அந்த ஆப்லயா? எம் பேரப் போட்டுத் தொறப்பீங்களே, அதுலயா?

உமாசங்கர்: ஆமா.

சத்யப்பிரியா: எம் பேரப் போட்டுத்தானா ஒருத்தன் சோத்துல மண்ணப் போட்டீங்க? பயம்னா எங்கிட்ட சொன்னா என்னா? நான் சிரிக்கப் போறேனா? ஒங்க பின்னாடி உக்காந்து வர்றவ நானு, எனக்கு சந்தோஷமால்ல இருந்திருக்கும்?

உமாசங்கர்: திட்டு. இன்னும் திட்டு.

சத்யப்பிரியா: அன்னிக்கு சாயந்திரம் வூட்டுக்கு வந்து, "பாவம் இளவரசு"ன்னு வேற சொன்னீங்க. நான் காப்பி போட்டுக் குடுத்தேன். இவன் பாவங்க. இவனுக்கு என்னா தெரியும்? தெரியாமப் போயி, தம்பி மாதிரி இருந்தவன நாலு பேரு முன்னாடி வெரட்டிட்டு, இப்ப மடி காட்ட மூஞ்சியில்லாம வேன்ல உக்காந்துக்கினு இருக்கான். தேவா, எறங்குடா. ஒம் மேல என்னா தப்பு இருக்குது?

தேவநாதன்: அக்கா... தெரியாமன்னு சொல்லாத.

சத்யப்பிரியா: என்னாடா?

தேவநாதன்: மாமா மாத்துனது வெட்டு நம்பர மட்டும்தான். கெஞ்சு நம்பரு ஒண்ணு இருக்குதுன்னு அவருக்குத் தெரியாது. அது நான் போட்ட எடத்துலயே, அஞ்சாயிரத்துக்கு மேல கெடந்துது.

உமாசங்கர்: அதனால?

தேவநாதன்: நம்ம தொழில்ல எவன் லிமிட்ட எறக்குனாலும் ரெண்டு நம்பரையும் சேத்துதான் மாமா எறக்குவான். இல்லன்னா வண்டி கெஞ்சாமலே வெட்டும், ஆளத் தூக்கிப் போட்டுடும். இளவரசு தூக்கத்துல கூட ஒண்ண மட்டும் எறக்க மாட்டான். அந்தப் பேரு வெச்சதே அவன்தான்.

சத்யப்பிரியா: அப்ப... அன்னிக்கு ஸ்க்ரீனப் பாத்தப்பவே...

உமாசங்கர்: மச்சான், உனக்கு...

தேவநாதன்: தெரியும் மாமா. கடைக்கு வெளிய அந்தப் பாஸ்வேர்டு ஒங்க ஒருத்தர்கிட்டதான் இருக்குது. பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சு. வூட்டு மாப்ளய நாலு பேரு முன்னாடி எப்படிக் கேக்கறது? எதுத்துக் கேக்காதவன் ஒருத்தன் பக்கத்துல நின்னான், அவன் பக்கம் திரும்பிட்டேன். அவனும் அந்த ஸ்க்ரீனத்தான் பாத்துக்கினு நின்னான்க்கா. ரெண்டு நம்பரையும் பாத்தான். அப்புறம் எம் மூஞ்சியப் பாத்தான். "சரிண்ணா"ன்னுட்டு துணியில கையத் தொடச்சிக்கினு போயிட்டான். அவனும் ஒரு வூட்டுக்கு மாப்ளதான்னு எனக்கு அப்பத் தோணல... யாழினியோட தோட்டக் குடுக்கா. மாமா, எறங்குங்க. மொதல்ல நான் சொல்றேன், அப்புறம் நீங்க சொல்லுங்க. அதுக்கப்புறமும் அந்தப் புள்ளைய எம் மடியில வெக்கறாங்களான்னு பாப்போம்.